நீரோ பிடில் வாசித்தானா? ரோமப் பேரரசர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர் மேடைகளில் நீரோவைப் போல அடிபட்ட வெளிநாட்டு மன்னன் வேறு யாரும் இருக்க முடியாது. வெள்ளம் வந்தாலும் குடிநீர் வராவிட்டாலும், ஆட்சியில் இருப்பவர் "ரோம் பற்றி எரிந்தபோது பிடில் வாசித்த நீரோ" ஆகிவிடுவார். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறும். நீரோ மட்டும் மாறமாட்டான். அதனால் அவனிடமிருந்தே தொடங்குவோம். ஒரு சின்ன விஷயம்: பேரரசர்களை இங்கே அவன் என்றே எழுதுகிறேன். ராஜராஜனையே அப்படித்தானே எழுதுகிறோம்.

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தானா?

இல்லை. வாசித்திருக்கவும் முடியாது. ரோம் எரிந்தது கி.பி. 64 ஜூலையில். பிடில் என்று நாம் சொல்லும் வயலின் இத்தாலியில் உருவானது 16ஆம் நூற்றாண்டில். இடையில் கிட்டத்தட்ட 1500 வருடம்.

நீரோவுக்கு வாசிக்கத் தெரிந்த கருவி கிதாரா. மரப்பெட்டியில் நரம்புகள் கட்டி, நின்றபடி மீட்டிக்கொண்டே பாடுவது; யாழுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சரி, அதையாவது அன்று வாசித்தானா? தீ பிடித்தபோது அவன் ரோமிலேயே இல்லை. கடற்கரையில் இருந்த ஆன்டியம் என்ற ஊரில் இருந்தான். இன்று அந்த ஊருக்கு ஆன்சியோ என்று பெயர். தீ தன் அரண்மனையை நெருங்கிய சமயத்தில்தான் திரும்பி வந்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். வந்தவன் என்ன செய்தான் என்பதையும் அவரே சொல்கிறார்: வீடிழந்தவர்களுக்குக் கம்பஸ் மார்ட்டியஸ் திடலையும் தன் சொந்தத் தோட்டங்களையும் திறந்துவிட்டான், தற்காலிகக் கொட்டகைகள் போட்டான், சுற்று ஊர்களிலிருந்து பொருள்களை வரவழைத்தான், தானிய விலையைக் குறைத்தான்.

அதே பத்தியிலேயே டாசிட்டஸ் இன்னொன்றும் சேர்க்கிறார். இவ்வளவு செய்தும் மக்களிடம் நல்ல பெயர் கிடைக்கவில்லை. ஏனென்றால் ஊர் எரியும்போது அவன் தன் வீட்டு மேடையில் ஏறி டிராய் நகரத்தின் அழிவைப் பாடினான் என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. டாசிட்டஸ் அதை வதந்தி என்றே குறிக்கிறார். அவருக்குப் பின் எழுதிய சூட்டோனியஸ், மெசினாஸ் கோபுரத்தில் ஏறி, மேடை உடை உடுத்திப் பாடினான் என்று நடந்த சம்பவமாகவே எழுதிவிட்டார். நூறு வருடம் கழித்து வந்த காசியஸ் டியோவிடம் பாட்டு இன்னும் கெட்டியாகிவிட்டது. பிற்கால ஐரோப்பாவில் யாரோ கிதாராவைத் தூக்கிவிட்டு பிடிலைக் கையில் கொடுத்தார்கள். நம் மேடைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பிடில்தான்.

சரி, வாசிக்கவில்லை. தீ வைத்ததாவது அவன்தானா?

அதற்கும் ஆதாரம் இல்லை. தீ தொடங்கிய இடம் தேர்ப்பந்தய மைதானமான சர்க்கஸ் மாக்சிமஸை ஒட்டிய கடைகள். எளிதில் தீப்பற்றும் சரக்கு, காற்று, குறுகலான வளைந்த தெருக்கள், மரத்தால் கட்டிய மாடி வீடுகள். ஆறு நாள் எரிந்து அடங்கியது போலிருந்து மறுபடி பிடித்தது. ரோமின் 14 வட்டாரங்களில் 3 முழுதாகப் போயின, 7 பெரும் சேதம் அடைந்தன, 4 மட்டும் தப்பின. நீரோவின் சொந்த அரண்மனையும் எரிந்தது.

பிறகு ஏன் சந்தேகம் அவன் மேல் விழுந்தது? எரிந்த நிலத்தில் அவன் கட்டிய பொன் மாளிகைதான் காரணம். நகரத்தின் நடுவே செயற்கை ஏரி, தோப்பு, புல்வெளி, வாசலில் 120 அடி உயரச் சிலை. வீடு எரிந்து நிற்பவன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? "இடத்துக்காகவே கொளுத்தியிருக்கிறான்" என்றுதான் நினைப்பான். பேச்சு வலுத்ததும் பழியை வேறு தலையில் கட்டினான் நீரோ. கிறிஸ்தவர்களைப் பிடித்து, நாய்களை விட்டுக் கடிக்கவைத்தும், இரவில் விளக்குகளைப் போல எரித்தும் கொன்றதாக டாசிட்டஸ் எழுதுகிறார். அந்தப் பத்தியை முழுதாக நம்பலாமா என்று அண்மையில் சில அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலோர் இன்னும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் நீரோ நல்லவனா?

அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். தாயைக் கொல்ல ஆள் அனுப்பியவன், மனைவி ஒக்டேவியாவைத் தீவுக்குத் துரத்திக் கொன்றவன். இவற்றில் சந்தேகமில்லை. தீயைப் பற்றிய கதை பொய்யானதால் மற்றதும் பொய் என்றாகாது.

ஆனால் அவனுடைய உண்மையான பைத்தியம், பிடில் கதையை விட எனக்கு ருசியாகப்படுகிறது. பேரரசனாக இருந்துகொண்டு பாடகனாகப் பெயர் எடுக்கத் துடித்தவன் அவன். குரல் கெட்டியாகட்டும் என்று மார்பில் ஈயத் தகட்டை வைத்துக்கொண்டு படுப்பான். அவன் கச்சேரி நடக்கும்போது யாரும் எழுந்து போகக்கூடாது. தப்பிப்பதற்காகச் சிலர் செத்தது போல நடித்து, பாடையில் கிடந்து வெளியேறினார்கள் என்கிறார் சூட்டோனியஸ். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அரட்டை என்று பிரிப்பது கஷ்டம். கி.பி. 66, 67இல் கிரேக்கத்துக்குப் போய் ஊர் ஊராகப் போட்டிகளில் கலந்துகொண்டான். ஒலிம்பியாவில் பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து கீழே விழுந்தான், ஓட்டத்தை முடிக்கவும் இல்லை, பரிசு அவனுக்குத்தான். அந்தப் பயணத்தில் அவன் கச்சேரியின்போது தூங்கி வழிந்து மாட்டிக்கொண்டவர் ஒரு தளபதி. பெயர் வெஸ்பாசியன். மூன்றே வருடத்தில் அந்தத் தூங்குமூஞ்சி பேரரசன் ஆனான்.

இன்னொன்று. கி.பி. 68இல் நீரோ தற்கொலை செய்துகொண்ட பிறகு, பல வருடம் அவன் கல்லறையில் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு மாகாணங்களில் "நான்தான் நீரோ, சாகவில்லை" என்று சொல்லிக்கொண்டு போலி நீரோக்கள் கிளம்பினார்கள், அவர்களுக்குப் பின்னால் கூட்டமும் சேர்ந்தது. எல்லோரும் வெறுத்த ஒருவனாக வேஷம் போட யார் துணிவார்கள்?

இந்தக் கதைகளை எல்லாம் எழுதியவர்கள் யார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

முதல் நூற்றாண்டுப் பேரரசர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி மூன்று பேரிடமிருந்து வருகிறது. டாசிட்டஸ் செனட்டர், அதாவது ரோமின் பிரபுக்கள் அவையான செனட்டின் உறுப்பினர். ரோம் எரிந்தபோது அவருக்கு எட்டு வயது போல இருக்கும். சூட்டோனியஸ் அப்போது பிறக்கவே இல்லை. பின்னால் ஹாட்ரியன் என்ற பேரரசனிடம் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் செயலராக இருந்தார். காசியஸ் டியோ மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய செனட்டர். மூவருமே அரண்மனையும் செனட்டும் சண்டையிட்ட கதையைச் செனட்டின் பக்கம் நின்று சொல்கிறார்கள். செனட்டை அவமதித்தவன் இவர்களிடம் அரக்கன் ஆகிவிடுவான்.

அப்புறம், அரச மரபு மாறும்போது நடப்பது. நீரோவோடு ஜூலியஸ் சீசரின் குடும்பக் கிளை முடிந்தது. அதன்பின் நடந்த பதவிச் சண்டையில் வென்று வந்த வெஸ்பாசியன் அரச குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்ல. முந்தையவன் எவ்வளவு மோசம் என்று நிரூபிப்பது அவனுக்கு லாபம். நீரோவின் ஏரியை வற்றவைத்து, அந்த இடத்தில் மக்களுக்கென்று ஒரு பெரிய அரங்கம் கட்டினான். அதுதான் கொலோசியம். கி.பி. 80இல் அவன் மகன் டைட்டஸ் திறந்துவைத்தான். ஆகவே நீரோ கொலோசியத்தில் உட்கார்ந்திருப்பதாக எங்காவது படம் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அவன் செத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் அது திறந்தது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் நின்ற நீரோவின் அந்த பிரம்மாண்டச் சிலையால்தான் பிற்காலத்தில் அரங்கத்துக்கே கொலோசியம் என்று பெயர் வந்தது.

கலிகுலா தன் குதிரையை அமைச்சர் ஆக்கினானா?

அமைச்சர் அல்ல, கான்சல். வருடத்துக்கு இருவர் வகிக்கும் ரோமின் உச்சப் பதவி. அதையும் கொடுக்கவில்லை.

குதிரையின் பெயர் இன்சிடாட்டஸ், பந்தயக் குதிரை. பளிங்குத் தொழுவம், தந்தத்தில் தீவனத் தொட்டி, ஊதா நிறப் போர்வை, கழுத்தில் மணிமாலை எல்லாம் அதற்கு உண்டு என்கிறார் சூட்டோனியஸ். கடைசியில், கான்சல் ஆக்கவும் எண்ணியிருந்ததாகச் சொல்கிறார்கள் என்று முடிக்கிறார். டியோவும் அவன் அப்படி வாக்களித்தான், இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்தால் செய்திருப்பான் என்கிறார். ஆக, எழுதிய இருவருமே நடக்காத காரியம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தும் இரண்டாயிரம் வருடமாகக் குதிரை பதவியில் இருக்கிறது.

என் ஊகம்: அது செனட்டர்களைக் குத்துவதற்குச் சொன்ன நக்கல். "உங்களைவிட என் குதிரை நன்றாக வேலை பார்க்கும்" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்கிறான். கேட்டவர்கள் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் செத்த பிறகு அவர்களே எழுதுகிறார்கள், பைத்தியக்காரன் குதிரையைக் கான்சல் ஆக்கப் பார்த்தான் என்று. கலிகுலா பதவிக்கு வந்தபோது வயது 24. காவல்படை அதிகாரிகள் அவனை வெட்டிக் கொன்றபோது, அதாவது கி.பி. 41 ஜனவரியில், வயது 28. டாசிட்டஸ் அவனைப் பற்றி எழுதிய பகுதி தொலைந்துபோனதால், நம்மிடம் மிஞ்சியது பெரும்பாலும் அரட்டைதான். கலிகுலா என்பதும் அவன் பெயரில்லை. இயற்பெயர் கையஸ். சின்ன வயதில் அப்பாவின் படைமுகாமில் குட்டிச் செருப்பு போட்டுக்கொண்டு சுற்றியதால் சிப்பாய்கள் வைத்த செல்லப்பெயர் அது.

அவன் ஆடம்பரமும் கட்டுக்கதைதானா?

இல்லை, அதற்குச் சாட்சி ஏரிக்குள்ளேயே கிடந்தது. ரோமுக்குத் தெற்கே நெமி என்ற சிறிய ஏரி. அதன் அடியில் இரண்டு பெரிய மரக்கலங்கள் கிடப்பதாக மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். முசோலினி காலத்தில் ஏரி நீரை இறைத்து 1929 முதல் 1932க்குள் இரண்டையும் வெளியே எடுத்தார்கள். ஒவ்வொன்றும் 70 மீட்டருக்கு மேல் நீளம். பளிங்குத் தரை, வெண்கல விலங்குத் தலைகள், கலிகுலாவின் பெயர் பொறித்த ஈயக் குழாய்கள். நாலு பக்கமும் மலை சூழ்ந்த, சுற்றி நடந்தால் காலையிலேயே முடிந்துவிடும் ஏரியில் இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு? மிதக்கும் மாளிகையாகத்தான் இருக்க வேண்டும். 1944 மே 31 இரவு, போரின் நடுவே, அருங்காட்சியகத்தோடு இரண்டும் எரிந்து சாம்பலாயின.

ஜூலியஸ் சீசர் பேரரசனா? "யூ டூ புரூட்டஸ்" என்றானா?

இரண்டுக்கும் இல்லை. சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி, பேரரசன் அல்ல. முதல் பேரரசன் என்று கணக்கிடப்படுவது அவனுடைய தத்துப் பிள்ளை அகஸ்டஸ். அவன்கூடத் தன்னைப் பேரரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. குடிமக்களில் முதல்வன் என்றே சொல்லிக்கொண்டான். படையும் பணமும் கையில் இருந்தால் பட்டம் எதற்கு. சீசர் என்ற குடும்பப் பெயர்தான் பிறகு பட்டமாகி, ஜெர்மனியில் கைசர் என்றும் ரஷ்யாவில் ஜார் என்றும் மாறியது.

நண்பன் காலை வாரும்போதெல்லாம் நாம் சொல்லும் அந்த வசனம் 1599 வாக்கில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தால் பரவியது. சூட்டோனியஸ் சொல்வது: சீசர் ஒரு முனகலைத் தவிர எதுவும் பேசாமல் விழுந்தான், சிலர் மட்டும் புரூட்டஸைப் பார்த்து கிரேக்க மொழியில் "நீயுமா, பிள்ளாய்?" என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். உடலில் 23 குத்துகள். மருத்துவர் பார்த்துவிட்டு, மார்பில் விழுந்த இரண்டாவது குத்துதான் உயிரை எடுத்தது, மற்றதில் செத்திருக்கமாட்டான் என்றாராம். நடந்த இடம் செனட்டின் வழக்கமான மண்டபமும் அல்ல. பாம்பே என்ற தளபதி கட்டிய அரங்கத்தை ஒட்டிய கூடத்தில் அன்று கூட்டம் நடந்தது. அந்த இடிபாட்டில் இன்று ரோம் நகரத்துத் தெருப்பூனைகள் வெயில் காய்கின்றன. அவற்றுக்கென்று அங்கே ஒரு காப்பகமே இருக்கிறது.

அரங்கத்தில் தோற்ற கிளாடியேட்டருக்கு, அதாவது கூட்டத்துக்காகச் சண்டை போடும் வீரனுக்கு, கட்டைவிரலைக் கீழே காட்டினால் மரணமா?

விரலால் ஏதோ சைகை செய்தார்கள் என்பது நிச்சயம். "திருப்பிய கட்டைவிரல்" என்று ஜுவெனல் என்ற கவிஞர் எழுதியிருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பியது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கீழ்நோக்கிய விரலை உலகத்துக்குக் கொடுத்தது ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1872இல் வரைந்த படம். அதிலிருந்து சினிமா எடுத்துக்கொண்டது.

தோற்றவன் எல்லாம் செத்தான் என்பதும் சரியில்லை. ஒரு கிளாடியேட்டரை வளர்க்க, பயிற்சி கொடுக்க, மருத்துவம் பார்க்க ஆகும் செலவு கொஞ்சமில்லை. செத்தால் பள்ளி நடத்துபவனுக்கு நஷ்டம். தோற்று உயிரோடு வீடு திரும்பியவர்களின் கணக்கைக் கல்லறைக் கல்வெட்டுகளிலேயே பார்க்கலாம்: இத்தனை வெற்றி, இத்தனை முறை மன்னிப்பு என்று பொறித்திருப்பார்கள்.

"சாகப்போகிறவர்கள் உன்னை வணங்குகிறோம், சீசர்" என்று ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் சொல்வார்களா?

ஒரே ஒரு முறைதான் பதிவாகியிருக்கிறது. சொன்னவர்களும் கிளாடியேட்டர்கள் இல்லை, தண்டனைக் கைதிகள். கி.பி. 52இல் கிளாடியஸ் மத்திய இத்தாலியில் ஃபுசினஸ் ஏரியை வடிக்கும் வேலையைக் கொண்டாட ஒரு போலிக் கடற்போர் ஏற்பாடு செய்தான். 19,000 பேரைக் கப்பல்களில் ஏற்றினார்கள் என்கிறார் டாசிட்டஸ். கைதிகள் அந்த வாசகத்தைச் சொல்லி வணங்க, கிளாடியஸ் சும்மா இருக்காமல் "சாகாமலும் போகலாம்" என்றான். அவ்வளவுதான். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். சண்டை போடமாட்டோம் என்று நிற்கிறார்கள். கரையில் கூட்டம் காத்திருக்கிறது. காலைச் சரியாக ஊன்ற முடியாத அந்தப் பேரரசன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி, ஏரிக்கரையில் தத்தித் தத்தி ஓடி, மிரட்டியும் கெஞ்சியும் அவர்களைச் சண்டைக்குச் சம்மதிக்கவைத்தான். எந்தப் படத்திலும் இந்தக் காட்சி வராதது எனக்கு வருத்தம்.

"கிளாடியேட்டர்" படத்தில் வருவதெல்லாம் நடந்ததா?

2000ஆம் வருடப் படத்தின் நாயகன் மாக்சிமஸ் கற்பனை. பேரரசன் மார்கஸ் ஆரேலியஸை மகன் கொமோடஸ் மூச்சுத்திணற வைத்துக் கொல்வதும் கற்பனை. மார்கஸ் கி.பி. 180இல் போர்முனையில் நோயில் இறந்தான் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். மகனுக்கு ஆட்சி தரமாட்டேன், குடியரசைத் திருப்பித் தருவேன் என்ற எண்ணம் அவனுக்கு இருந்ததற்கும் தடயமில்லை. நேர்மாறாக, மூன்று வருடம் முன்பே, 177இல், கொமோடஸைத் தன்னோடு சேர்த்து இணைப் பேரரசன் ஆக்கிவிட்டான். தகுதி பார்த்துத் தத்தெடுக்கும் நல்ல மரபை மார்கஸ் கெடுத்தான் என்று பழைய புத்தகங்கள் குறைப்படும். அவனுக்கு முன்னால் தத்தெடுத்தவர்களுக்கு உயிரோடு மகன் இல்லை, அதுதான் விஷயம்.

ஆனால் பேரரசன் அரங்கத்தில் இறங்கிச் சண்டை போட்டான் என்பது? அது உண்மை! டியோ நேரில் பார்த்தவர். ஒரு நாள் கொமோடஸ் நெருப்புக்கோழி ஒன்றைக் கொன்று, தலையை வெட்டி, இடக்கையில் தலையும் வலக்கையில் இரத்தம் சொட்டும் வாளுமாகச் செனட்டர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தான். ஒன்றும் பேசவில்லை. பல்லைக் காட்டித் தன் தலையை ஆட்டினான். உங்களுக்கும் இதே கதிதான் என்பது போல. டியோவுக்குப் பயத்தைவிடச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் தலை போய்விடும். தலையில் சூடியிருந்த வாகை மாலையிலிருந்து இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். வரிசையாகச் செனட்டர்கள் இலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாய் அசைவதால் சிரிப்பு தெரியாது.

அவன் செத்தது அரங்கத்தில் அல்ல, பன்னிரண்டு வருடம் தனியாக ஆண்ட பிறகு 192 டிசம்பர் 31 இரவு. முதலில் நஞ்சு கொடுத்தார்கள். வாந்தி எடுத்துத் தப்பிவிடுவான் போலிருந்ததால் நார்சிஸஸ் என்ற மல்லனை அனுப்பி நெரித்துக் கொன்றார்கள். குடியரசு திரும்பவில்லை. அடுத்து வந்த பெர்டினாக்ஸ் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அவனைக் கொன்ற காவல்படையினர் பேரரசை ஏலம் விட்டார்கள், நிஜமாகவே. சிப்பாய்க்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமக் காசு) என்று சொன்ன டிடியஸ் ஜூலியானஸ் ஏலத்தை எடுத்தான். இரண்டு மாதத்தில் அவன் தலையும் போனது.

இரண்டாம் பாகத்தில் வரும் அந்த இரட்டைப் பேரரசர்கள்?

கராகல்லாவும் கீட்டாவும் உண்மையான அண்ணன் தம்பி. இரட்டையர் அல்ல, ஒரு வருட இடைவெளி. தந்தை செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவில் பிறந்தவன், தாய் ஜூலியா டோம்னா சிரியாக்காரி. படத்தில் வரும் வெளுத்த முகங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தந்தை இறந்த வருடமே, 211 டிசம்பரில், கராகல்லாவின் ஆட்கள் கீட்டாவைத் தாயின் மடியிலேயே வெட்டிக் கொன்றார்கள். பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, பேரரசு முழுக்கக் கல்வெட்டுகளில் சுரண்டி எடுத்தார்கள். எகிப்திலிருந்து கிடைத்த ஒரு வட்டமான மரப்பலகை ஓவியம் பெர்லினில் இருக்கிறது. நரைத்த தாடியோடு தந்தை, முத்து அணிந்த தாய், முன்னால் ஒரு சிறுவன். இன்னொரு சிறுவனின் உடை இருக்கிறது, தோள் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழித்த கறை.

அரங்கத்தில் நீர் நிரப்பிக் கப்பல் சண்டை நடத்தினார்கள் என்று டியோ எழுதியிருக்கிறார், அது திறப்புவிழாக் காலத்து விஷயம். படத்தில் வருவது போலச் சுறா விட்டதாக யாரும் எழுதவில்லை.

விருந்தில் வாந்தி எடுப்பதற்கென்றே தனி அறை வைத்திருந்தார்களாமே?

அந்த லத்தீன் சொல், வாமிடோரியம், அரங்கத்திலிருந்து கூட்டம் வெளியே பாயும் வழியைக் குறிக்கும். ஆட்டம் முடிந்ததும் அரங்கம் மக்களை உமிழும், அவ்வளவுதான். கிளாடியஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியபோது, வயிற்றைக் காலி செய்ய அவன் வாயில் இறகு விட்டார்கள் என்று சூட்டோனியஸ் சொல்வது உண்டு. அதற்குத் தனி அறை தேவைப்படவில்லை.

விருந்தினர்களை ரோஜாப்பூ கொட்டி மூச்சுத்திணற வைத்துக் கொன்ற பேரரசன்?

எலகபாலஸ். 14 வயதில் வந்து 18 வயதில் கொல்லப்பட்டவன். கதை இருப்பது நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பில். ஆறு பேர் எழுதியது போலப் பாவனை செய்து ஒரே ஆள் எழுதியது, பாதிக்கு மேல் கட்டுக்கதை என்பது இன்றைய அறிஞர் பலரின் முடிவு. அதிலும் ரோஜா இல்லை, வயலெட்டும் மற்ற பூக்களும்தான். ரோஜாவைக் கொண்டுவந்தது அல்மா-டடேமா 1888இல் தீட்டிய ஓவியம்.

வாட்ஸாப்பில் வரும் மார்கஸ் ஆரேலியஸ் பொன்மொழிகள் அவனுடையவைதானா?

பாதி இல்லை. "நாம் கேட்பதெல்லாம் கருத்து, உண்மை அல்ல, பார்ப்பதெல்லாம் ஒரு கோணம், நிஜம் அல்ல" என்று அழகான சூரியோதயப் படத்தோடு வருகிறதே, அது அவன் குறிப்புகளில் எங்கும் இல்லை. அவன் எழுதியது தனக்குத்தானே, கிரேக்க மொழியில், ஒரு பகுதியை டான்யூப் பக்கத்துப் போர்முனையில் இருந்துகொண்டு. வெளியிடுவதற்காக எழுதவில்லை. உண்மையானவை இவ்வளவு வழவழப்பாக இருக்காது. ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில், காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் தன்னோடு தானே வாதாடுகிறான்: மனிதனுக்குரிய வேலையைச் செய்ய எழுகிறேன், போர்வைக்குள் கதகதப்பாகக் கிடக்கவா பிறந்தேன்? ஆனால் இது சுகமாக இருக்கிறதே!

கொலோசியத்தில் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்டார்களா? அப்புறம் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதம் ஆக்கினானா?

கிறிஸ்தவர்களை விலங்குகளுக்குப் போட்டது நடந்தது. கொலோசியத்திலேயே நடந்தது என்பதற்கு அக்காலத்து உறுதியான சான்று கிடையாது. கான்ஸ்டன்டைன் 313இல் செய்தது, எல்லோரும் அவரவர் மதத்தைப் பின்பற்றலாம் என்ற அனுமதி. அரச மதம் ஆக்கும் ஆணை 380இல் தியோடோசியஸ் காலத்தில்தான் வந்தது.

இவர்களில் யாராவது தமிழ்நாட்டுக்குத் தெரிந்திருந்தார்களா?

பெயர் தெரிந்திருக்குமோ என்னவோ, முகம் தெரிந்திருந்தது. காசில் இருந்ததே. அகநானூற்றில் யவனர் கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று முசிறித் துறையைப் பற்றி ஒரு வரி வரும். கறி என்றால் மிளகு. மேற்குக் கடற்கரையில் மிளகு ஏற்றப் பொன் கொண்டுவந்தார்கள். இந்தியாவுக்கு வருடம் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் புலம்பினார். பழைய ரோம வரைபடம் ஒன்று முசிறியில் அகஸ்டஸ் கோயில் ஒன்றையும் காட்டுகிறது.

கொங்குப் பகுதியிலும் மற்ற இடங்களிலும் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸும் டைபீரியஸும் வெளியிட்டவை. ஏன் அவர்கள் மட்டும்? இதற்குப் பதில் நீரோவிடம் இருக்கிறது. கி.பி. 64இல், ரோம் எரிந்த அதே வருடம், அவன் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். ஊர் கட்டப் பணம் வேண்டுமே. ரோமில் அந்தக் காசு செல்லும், அரசன் சொன்னால் சரி. இங்கே வியாபாரி எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்குவான். பழைய காசையே கேட்டான். அதற்குச் சில வருடம் முன்புதான், கிளாடியஸ் காலத்தில், இலங்கை மன்னன் ஒருவன் ரோமக் காசுகளைப் பார்த்து வியந்த கதையைப் பிளினி எழுதுகிறார்: வெவ்வேறு அரசர்களின் தலைகள், ஆனால் எல்லாக் காசும் ஒரே எடை, எவ்வளவு நேர்மையான நாடு!

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. நீரோவும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசன் தலையின் குறுக்கே உளியால் ஓங்கி ஒரு வெட்டு. காசாகச் செல்லாது, இனி இது வெறும் பொன் என்று யாரோ, ஒவ்வொரு காசாக எடுத்து, பேரரசனின் கன்னத்தில் வெட்டியிருக்கிறார்கள்.